உப்புப் பாலத்தின் இன்னொரு பெயர்

“அந்தப் புத்தகம் தமிழ்ல ஏற்கெனவே வந்துடுச்சும்மா. வந்து பதினேழு வருஷம் ஆச்சு.”

ஆம்பூர் ஷூ ஃபேக்டரியின் ஏற்றுமதிப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நந்தினி நிமிர்ந்தாள். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“யார் சார் பேசறது?”

“முனீர் அகமது. மேல்விஷாரத்துல இங்கிலீஷ் வாத்தியார். உங்க பதிப்பகத்துக்காரர் ஃபேஸ்புக்ல அட்டைய போட்டிருந்தாரே, அதுல கதைச்சுருக்கம் படிச்சேன். தம்பியத் தேடி உப்புப் பாலத்துல நடக்கிற பொண்ணு, பேரு இரினா. அந்தக் கதைய நான் ‘ஏழு தலை அரசி’ன்னு மொழிபெயர்த்திருக்கேன்.”

“இல்ல சார், இது ‘உப்புப் பாலம்’. லண்டன்ல வந்த நாவல். முறையா பர்மிஷன் வாங்கித்தான் மொழிபெயர்த்திருக்கேன்…”

“உங்க கையில இருக்கிறது லண்டன் புத்தகம். என்னுது அமெரிக்காவுல வந்தது. ரெண்டும் ஒண்ணுதான்.” அவர் குரல் தாழ்ந்தது. “கடைசி அத்தியாயம் வரைக்கும் முடிச்சுட்டீங்களா?”

“முடிச்சுட்டேன் சார். திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது.”



“எழுதினது மொத்தத்தையும் எடுத்துட்டு சனிக்கிழமை காலையில எங்க வீட்டுக்கு வாங்க. அதுவரைக்கும் பதிப்பகத்துல ஒண்ணும் சொல்லாதீங்க.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

இரண்டு வருஷம். தினமும் வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோர சீட் கிடைத்த நாளில் இரண்டு பக்கம், கிடைக்காத நாளில் நின்றபடியே நாலு வரி என்று செய்த வேலை. இன்டர்நெட்டில் தேடினாள். அவர் சொன்னது உண்மைதான்.

அன்று சாயந்திரம் கணவன் சூரியபிரகாஷ் நம்பவே இல்லை.

“ஒரே புத்தகத்துக்கு எதுக்கு ரெண்டு பேரு?”

“கெமிஸ்ட்ரி லேப்ல ‘சால்ட் பிரிட்ஜ்’னு ஒண்ணு இருக்கில்ல, அதனால உப்புப் பாலம்னா அமெரிக்காவுல கெமிஸ்ட்ரி பாடப்புத்தகம்னு நெனச்சுப்பாங்களாம். அரசி, ஏழு தலைன்னு போட்டாத்தான் மாயாஜாலக் கதைன்னு கையில எடுப்பாங்களாம். ஜெர்மனியில மூணாவதா ஒரு பேரு. எங்க ஃபேக்டரியில ஒரே ஷூவுக்கு லண்டன்னா அஞ்சு, அமெரிக்கான்னா ஏழு, ஜெர்மனின்னா முப்பத்தெட்டுன்னு சைஸ் ஒட்றதில்லையா? அந்த மாதிரிதான்.”

“இவ்ளோ தெரிஞ்சவ மொதல்லயே பாத்திருக்க வேணாமா?”

“இன்னிக்குத்தாங்க தெரியும்.” அவள் தாள்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அவரோடத பாத்து காப்பி அடிச்சுட்டேன்னு சொல்லுவாங்க. அதே கதை, அதே ஆளுங்க. நான் பாக்கவே இல்லன்னா யாரு நம்புவாங்க?”

“சரி, இன்னா பண்ணுவாரு? கேஸ் போடுவாரா?”

“கேஸ் எதுக்கு? பதிப்பகத்துக்கு ஒரு போன் போதும். காப்பின்னு புகார் வந்தா புத்தகத்த நிறுத்திடுவோம்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அப்புறம் என் பேர்ல எவன் ஒரு வரி போடுவான்?”

“வக்கீலக் கூட்டிட்டுப் போலாமா?”

“வேணாம். இன்னும் கோவம் ஜாஸ்தியாயிடும்.”

வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் ஒரே பில்லை மூன்று தடவை தப்பாக அடித்தாள்.

சனிக்கிழமை காலையில் பைக்கில் கிளம்பினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேல்விஷாரம் நெருங்க நெருங்க, தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை மூக்கில் ஏறியது.

முனீர் அகமதுவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்கவில்லை. உள்ளே வரச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டார். அவர் மனைவி ஜஹீருன்னிசா டீ கொண்டுவந்து வைத்தார். இவர்கள் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டார். எல்லாம் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள் என்று நந்தினிக்குத் தோன்றியது.

மேஜைமேல் ‘ஏழு தலை அரசி’ இருந்தது.

“மொத்தமும் இருக்கா?”

“இருக்கு சார்.”

தாள்கட்டை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஃபேன் காற்றிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்த சூரியபிரகாஷ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

நந்தினியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“சார், என் பொண்ணு மேல சத்தியமா உங்க புத்தகத்த நான் பாத்ததில்ல. ஒரு வரிகூட எடுக்கல. வேணும்னா ஒவ்வொரு பக்கமா வெச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு பதிப்பகத்துக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க. ரெண்டு வருஷ உழைப்பு சார்…”

முனீர் அகமது நிமிர்ந்து பார்த்தார். எழுந்துபோய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியாதாம்மா?” குரல் உடைந்தது. “சென்னையில நடைபாதைக் கடையில வாங்கின புத்தகம் என்னுது. கடைசி நாப்பது பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. எங்க தேடியும் வேற காப்பி கெடைக்கல. முடிவ நானே எழுதிட்டேன். அந்த முடிவு படிச்சு அழுதோம்னு சொல்லித்தான் எனக்கு மொழிபெயர்ப்பு விருதே குடுத்தாங்க.”

தாள்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“பதினேழு வருஷமா நான் பயந்துட்டிருந்தது, நெஜ முடிவோட வர்ற உங்கள மாதிரி ஒருத்தருக்குத்தாம்மா. இதத் தொறந்து பாக்க எனக்கு தைரியம் இல்ல. நீங்களே சொல்லிடுங்க… இரினாவோட தம்பி உயிரோட திரும்பி வந்தானா?”