நுனி ஒடியும் சத்தம்

போட்டோவைப் பார்த்துக் காய் வாங்குகிறவளுக்குச் சமைக்கத் தெரியாது என்பது வேதவல்லியின் கட்சி. வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டும். டக்கென்று ஒடிந்தால்தான் பிஞ்சு. "ஒடிச்சதை யாரு வாங்குவா, கையை எடுங்கக்கா" என்று கடைக்காரர் சுயம்புலிங்கம் கத்துவார். அவள் காதில் விழாத மாதிரி இன்னொன்றை ஒடிப்பாள். கொரோனா வந்து கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, அவள் வெளியே வரக்கூடாதென்று வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். நாளை தகரத்தைப் பிரிப்பார்கள், அவரும் வந்துவிடுவார். நாக்கில் ருசி திரும்பிவிட்டதாம், வெண்டைக்காய்ப் பொரியல் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் கடைக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் பச்சையாக ஒரு குவியல் தெரிந்தது.

"பிஞ்சுன்னு எப்படி அண்ணாச்சி நம்புறது?"

சுயம்புலிங்கம் குவியலுக்குள் கையை விட்டார். ஒரு காயை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து ஒடித்தார். டக். வேதவல்லி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது."

டக். சத்தம் வராமல் வளைந்தவற்றை அவரே ஒதுக்கிப் போட்டார். அரைக் கிலோவையும் அப்படித்தான் ஒடித்து முடித்தார்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் ஒடிக்காம மேல வச்சிருக்கேன்க்கா. அது உங்க கைக்கு."

சாயங்காலம் தகரத்துக்கு மேலாக ஒரு பை இறங்கியது. மேலே கிடந்த அந்த முழுக்காயை எடுத்து, நுனியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அவள் கடைக்கு மறுபடியும் போன் போட்டாள்.