எல்லை வரை கேட்கும் பாட்டு

அமெரிக்காவுக்குள் போகும் எமர்சன் எல்லையில் வண்டிகளின் வரிசை மெதுவாக நகர்ந்தது.

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் குழுவின் கீபோர்டுக்காரன் ஓரெஸ்ட், பாஸ்போர்ட்டுகளை மடியில் வைத்துத் தாளம் போட்டபடி. வானொலியில் எங்கள் ஊர் வின்னிபெக் நிலையம் லேசான இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது.

இரவுக்குள் மினியாபொலிஸ் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு பெரிய ராக் குழுவின் டிரம்மருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கீபோர்டு வாசிப்பவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். கோடை முழுக்க அமெரிக்காவில் கச்சேரிகள். அனுமதிச் சீட்டுகளை அவர்களே வாங்கி அனுப்பியிருந்தார்கள். வந்தால் இருவரும் சேர்ந்து வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இப்படி ஒரு அழைப்புக்காக ஓரெஸ்ட் பாதி வாழ்நாள் காத்திருந்தான்.

"டேய் பென்னர், அந்தப் பக்கம் போனதும் மொதல்ல ஸ்டேஷன மாத்து. இவன் டயர் விளம்பரம் போட்டே கொல்றான்."

நான் மாற்றுவதாக இல்லை. சிக்ரூனின் பாட்டுக்காகக் காத்திருந்தேன்.

சிக்ரூன் எங்கள் குழுவின் பாடகி. என் மனைவி. போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனாள்.

வானொலியில் மூன்றில் ஒரு பங்காவது உள்நாட்டுப் பாட்டாக இருக்க வேண்டும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். அதனால் எங்களைப் போன்றவர்களின் பாட்டு பல் மருத்துவரின் அறையிலும் ஹாக்கி அரங்கிலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பல்பு வாங்கப் போனால் கடைக்காரர் அதை முணுமுணுப்பார். எல்லையைத் தாண்டினால் எங்களை ஒருவருக்கும் தெரியாது.

"நமக்குப் பாஸ்போர்ட் இருக்கு. நம்ம பாட்டுக்குத்தான் இல்ல" என்பாள் சிக்ரூன்.

டொராண்டோ போக இரண்டு நாள் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே ஓட்ட வேண்டும். மினியாபொலிஸுக்கு ஒரு பகல்கூட ஆகாது. ஆனாலும் நாங்கள் எப்போதும் கிழக்கேதான் போனோம். தெற்கே வாசிக்க ஆளுக்கொரு அனுமதி வேண்டும். அது கைக்கு வருவதற்குள் கச்சேரியே முடிந்துவிடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருப்பது அதுவரை போதுமானதாகத்தான் இருந்தது.

அந்தப் பாட்டு என் கைபேசியிலும் இருக்கிறது. அதில் நான் கேட்பதில்லை. அதில் கேட்டால் அது நான் போடுவது. வானொலியில் அவள் தானாக வருகிறாள்.

பிற்பகல்களில் வருவாள். ஏறக்குறைய தினமும். ஒரு பழைய பாட்டு ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்று நான் யோசித்ததில்லை.

எல்லைக்கு அப்பால் கொஞ்ச தூரம் போனால் இந்த நிலையம் எடுக்காது.

காலையிலேயே ஒரு முடிவு செய்திருந்தேன். எல்லையை எட்டுவதற்குள் அவள் பாட்டு வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவது. வராவிட்டால் போவது. ஓரெஸ்டிடம் சொல்லவில்லை. வழியில் மோரிஸ் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அவன் கழிப்பறையில் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தான். காலையில் தின்ற பெரோகிக் கொழுக்கட்டை வேலையைக் காட்டிவிட்டது என்றான். அங்கேயும் நான் வானொலியை அணைக்கவில்லை.

சாவடிக்கு முன்னால் இரண்டு வண்டிகள் மட்டும் மிச்சம் இருந்தபோது அவள் வந்தாள்.

முதல் சொல்லுக்கு முன்னால் அவள் மூச்சை இழுக்கும் சத்தம். பதிவு செய்தவர் அதை வெட்டப் பார்த்தார். அவள் விடவில்லை. அதன் பிறகு என் டிரம்ஸ்.

ஓரெஸ்ட் சத்தத்தைக் கூட்டினான். "பாத்தியா, வழியனுப்ப வந்துட்டா."

சாவடிக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் திரும்பிப் போக ஒரு பாதை உண்டு. நான் திரும்பும் விளக்கைப் போட்டேன். அது டிக் டிக்கென்றது.

"என்னடா பண்ற?"

"இவ வந்தா திரும்பிடறதுன்னு இருந்தேன். முடியட்டும். வீட்டுக்குப் போயிடலாம்."

அவன் கெஞ்சவில்லை. மடியில் தாளம் நின்றுபோயிற்று.

பாட்டு முடிந்தது. வழக்கமான அறிவிப்பாளர் அன்று விடுமுறை. ஏதோ ஒரு புதுப் பெண், குரலில் சிரிப்போடு பேசினாள்.

"இது நம்ம தினசரி நேயர் ஓரெஸ்ட் கேட்ட பாட்டு. இன்னைக்கு மோரிஸ் பெட்ரோல் பங்க்லேர்ந்து கூப்பிட்டாரு. அண்ணே, தினமும் இதே பாட்டா? சலிக்கவே சலிக்காதா?"

விளம்பரம் தொடங்கியது. டயர்கள்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

ஓரெஸ்ட் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடக்கத்துக்கு மறுநாள்லேர்ந்து. வழக்கமா வர்ற ஆளு என் பேரச் சொல்ல மாட்டான். சத்தியம் வாங்கி வச்சிருந்தேன்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். எங்களுக்கு முன்னால் பாதை காலியாக இருந்தது.

விளக்கை அணைத்தேன். நேராகச் சாவடிக்குப் போனேன்.

"ரேடியோவ நிறுத்துங்க சார்" என்றார் அதிகாரி.

நிறுத்தினேன்.

அவர் சீட்டுகளைப் புரட்டினார். "மியூசிக் போடறவங்களா? உங்க பாட்டு ஏதாச்சும் நான் கேட்டிருப்பேனா?"

"இல்ல" என்றேன்.

தடுப்பு உயர்ந்தது. அந்தப் பக்கமும் அதே தட்டை நிலம், அதே கோதுமை. வெகுதூரம் வரை வானொலியை யாரும் தொடவில்லை.

"அங்கேர்ந்தும் தினமும் கூப்பிடுவேன்டா" என்றான் ஓரெஸ்ட். "போடுவாங்க. நமக்குத்தான் கேக்காது."