கதிர்வேல் கேட்ட படகுத்துறை

"ரெண்டு லட்சமா? நான் என்னா கப்பலா நிறுத்தப் போறேன்?"

கதிர்வேல் போட்ட சத்தத்தில் பட்டறையில் வெல்டிங் நின்றது. ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றினான்.

"இது குத்துமதிப்புதாண்ணா. தண்ணிக்குள்ள நிக்கப்போற துறை. கம்பம் ஆழமா எறக்கணும், துருப்பிடிக்கக் கூடாது. மேல பலகை. ரெண்டு பக்கமும் கைப்பிடி வேற கேக்குறீங்க."

"பலகைக்கு என்னோட பழைய தறிமரம் கெடக்குது, அதைப் போட்டுக்கோ. கைப்பிடி மட்டும் விடாதே. என் புள்ளத்தாச்சிப் பொண்ணு நடந்து வரணும். வெள்ளிக்கெழம வளைகாப்பு. அன்னிக்கே தலைப்பிரசவத்துக்கு எங்க வூட்டுக்கு அழைச்சினு வரணும்."

ஜெபகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம்வரை பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீட்டில் தறி போட்ட மனுஷன். வாலாஜாபாத் பக்கம் ஏரியோரமா மனை வாங்கி, ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோயாச்சு. அதுக்குள்ள சொந்தப் படகுத்துறை கேக்குதா?

"சம்பந்தி எதிர்ல பந்தா காட்டவாண்ணா இந்தச் செலவு? மாசமா இருக்குற பொண்ணைப் படகுல ஏத்தி வேடிக்கை காட்டப் போறீங்களா?"

"படகெல்லாம் கெடையாதுப்பா."

"படகே இல்லாம எவனாவது துறை கட்டுவானா?"

"பந்தாவாம் பந்தா! என் வயித்தெரிச்சல் உனக்கு அப்படித் தெரியுதா?" கதிர்வேலுக்கு மூச்சு வாங்கியது. "துறை இல்லன்னா பொண்ணை அனுப்ப மாட்டேன்னு சம்பந்தியம்மா கறாரா சொல்லிட்டாங்க. என் பொண்டாட்டி சங்கீதா சோறு தண்ணி இல்லாம அழுதுக்கினு இருக்குறா."

ஜெபகுமார் எழுந்தே விட்டான். "அடப்பாவிங்களா! சீர்வரிசையில படகுத்துறை கூடவா கேக்குறாங்க? இந்த அநியாயத்தக் கேக்க ஆளே இல்லியா? நீங்களும் கட்டிக் குடுக்க வந்துட்டீங்க!"

கதிர்வேல் தலை குனிந்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"சரி, கூலியில கொறச்சுக்குறேன், விடுங்க" என்று ஜெபகுமார் டேப்பை எடுத்தான். "கரையில எங்க ஆரம்பிச்சு, ஏரிக்குள்ள எதுவரைக்கும் போவணும்? அதைச் சொல்லுங்க."

இதற்கு மேல் மறைக்க முடியாது.

"பஸ் ரோட்ல ஆரம்பிச்சு, என் வூட்டு வாசப்படி வரைக்கும்" என்றார் கதிர்வேல். "ஏரியோரம்னு சொல்லி, வத்திக் கெடந்த ஏரிக்குள்ளயே மனையை வித்துட்டாம்பா அந்தப் பாவி!"