கண்ணை மூடிய பிறகு

மாதனூர் சமுதாயக் கூடத்தின் மொட்டை மாடியில் இன்னும் வெயில் ஏறவில்லை. ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட ரப்பர் ஷீட்டுகளின் மேல், வேலைக்குப் போகும் உடையிலேயே பதினோரு பெண்கள் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் வருவதற்குள் சர்க்கரைக்கான யோகாவில் மிச்சமிருப்பது சவாசனம் மட்டும். "கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது," என்கிறார் சூப்பர்வைசர் இன்பராஜ். மூடிக்கொள்கிறார்கள். ஓரத்தில் படுத்திருக்கும் பூவம்மாளின் வலது கால் மட்டும் ஷீட்டுக்கு வெளியே நீண்டிருக்கிறது. கட்டைவிரலில் கட்டு, வெள்ளைத் துணியில் மஞ்சளாய் ஒரு பொட்டு ஊறியிருக்கிறது. வந்ததும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "செருப்பு கடிச்சதுண்ணா, ஆற மாட்டேங்குது. ஆனா நீங்க சொன்ன மாதிரி மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டு மாசமாச்சு." மாத்திரையே இல்லாமல், யோகாவாலேயே தன் சர்க்கரை இறங்கியது என்று இதே மாடியில் சொன்னவர் அவர்தான். யோகாவுக்கு ஆள் சேரட்டுமே என்று சொன்ன பொய் அது. இன்பராஜ் திரும்பி நின்று, தினமும் இந்த நேரத்தில் செய்வதுபோல, சட்டைப் பையிலிருக்கும் அட்டையிலிருந்து ஒரு சர்க்கரை மாத்திரையைப் பிதுக்குகிறார். அந்தச் சத்தத்தை ஓர் இருமலில் மறைத்து, வாயில் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் பாட்டில் கட்டுப்போட்ட காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போக அவருக்குக் கால் வரவில்லை. மாத்திரை நாக்கிலேயே கரைந்து கசக்கிறது. கீழே பஸ் ஹாரன் அடிக்கிறது. "கண்ணத் தொறக்கலாமாண்ணா?" என்கிறாள் பூவம்மாள். அவர் சொல்லட்டும் என்று, பதினோரு பேரும் கண்ணை மூடியபடியே காத்திருக்கிறார்கள்.