பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

புதன், 12-ஆம் தேதி. நேற்று மாலை பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை அதன் கொக்கியில் மாட்டாமல் போயிருக்கிறேன். காலையில் வந்தபோது டெஸ்ட் ரிப்போர்ட்டின் மேல் கிடந்தது. மாட்டியதாகத்தான் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், டெஸ்ட் அறை முக்காலியில் உட்கார்ந்து, தன் டைரியில் அந்த வரிகளை அவள் மறுபடி படித்தாள். ஸ்பேனரையே மறந்தவள் வேறு எதை மறக்க மாட்டாள்? எதிரே மீட்டர் தொண்ணூற்று மூன்று டிகிரியில் நின்றது. எண்பத்தைந்தைத் தாண்டினால் ஃபெயில்.

மேசை மேல் இருந்தது ஒரு கன்ட்ரோலர் பெட்டி. உள்ளே ஃபேன் கிடையாது. முதுகில் இருக்கும் அலுமினியத் தகடுகள் வழியாகச் சூடு தானாகவே வெளியேற வேண்டும்.

கொஞ்சம் காற்று பட்டாலும் மீட்டர் இருபது டிகிரி குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும் என்று மாலை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அதனால்தான் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. டெஸ்ட் நடக்கும்போது ஏசியின் வாயையும் அட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஆள்தான் வெந்து போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இதே பெட்டி எழுபத்தொன்றில் பாஸாகியிருந்தது. அவள் ஆறு மணி வகுப்புக்குக் கிளம்பியபோது சூடு ஏறிக்கொண்டிருந்தது. மீதி நேரம் டிசைன் சாரே உட்கார்ந்து பார்த்து, அளவு குறித்து, கையெழுத்தும் போட்டிருந்தார். பெட்டியை வரைந்தவரும் அவர்தான்.

புதனன்று ஒரு கனெக்டரை மாற்றுவதற்காக அவள் பெட்டியைத் திறந்து மூடினாள். அதற்குப் பிறகு அது தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. மூன்று தடவை, தகடுகளுக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை வழித்தெடுத்து, புதிதாகத் தடவி, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அளவில் முடுக்கிவிட்டாள். எங்கே தவறுகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சால்டரிங் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி டைரி, இறங்குச்சா?"

"இல்லக்கா. தொண்ணூத்தி மூணு. கதவைச் சாத்துங்க, காத்து வரும்."

"வரட்டும்டி, அந்தக் காத்தாவது வரட்டும். மூணு நாளா என் டேபிள் ஃபேனைக் காணோம். எவன் தூக்கிட்டுப் போனானோ, நானும் புகையுமா குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன். உன் மீட்டரை என் தலையில வெச்சுப் பாரு, நூறைத் தாண்டும்."

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அக்கா போன கொஞ்ச நேரத்தில் டிசைன் சார் வந்தார். கனத்த உடம்பு, கையில் எப்போதும் ஈரக் கைக்குட்டை. மீட்டரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"மூணு தடவை ஆச்சும்மா. மேல கேக்கிறாங்க. செவ்வாய்க்கிழமை பாஸான பெட்டி புதன்கிழமை ஃபெயிலாச்சுன்னா நடுவுல யார் கை பட்டுச்சுன்னு கேக்கிறாங்க."

"என் கைதான் சார்."

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. நாளையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடு. அங்க இந்தத் தலைவலியெல்லாம் இல்ல."

இந்த அறைக்குள் வருவதற்காகத்தான் அவள் இரண்டு வருஷமாக மாலை வகுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை ஆட்டினாள். அழலாம்தான், அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. டைரியைத் திறந்து பழக்க தோஷத்தில் எழுதினாள்: 'நாளை: காலை எட்டு மணி, பேக்கிங் செக்‌ஷன்.'

"அதைக் கொஞ்சம் குடு. எங்க தப்புன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதணும். நீதான் தும்மினாக்கூட எழுதி வெப்பியே."

அவர் பின்னோக்கிப் புரட்டினார். பேஸ்ட் எவ்வளவு, எந்த ஸ்க்ரூ முதலில், எந்தத் துணியால் துடைத்தாள் எல்லாம் இருந்தது. புதன்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது. ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"இந்த ஸ்பேனரை நீ விட்டுட்டுப் போகலம்மா," என்றார் மெதுவாக. "கொக்கியிலதான் மாட்டியிருந்தே. நான் எடுத்தேன்."

"பெட்டியைத் திறந்தீங்களா சார்?"

"இல்ல. ரிப்போர்ட் பறந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் மேல வெச்சேன்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஜன்னல் இல்லாத நாலு சுவர், ஏசி வாயில் அட்டை, கனமான கதவு.

"இந்த ரூம்லயா சார் பறந்துச்சு?"

"அன்னிக்கு எனக்கு வேர்வை தாங்கல."

அவர் பேனாவை எடுத்து, அவள் எழுதியிருந்த கடைசி வரியை அடித்தார். அதன் கீழே தன் கோழிக் கிறுக்கலில் எழுதினார்: 'நாளை: தகடுகளைப் பெரிதாக்கித் திரும்ப வரைய வேண்டும். வரைய வேண்டியது நான். டெஸ்ட் செய்ய வேண்டியது இந்தப் பெண்.'

டைரியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவு வரை போனவர் திரும்பினார்.

"அதுக்கு மேல இதையும் எழுதிக்கோ. நாளைக்கு முதல் வேலையா, அக்காவோட ஃபேனைத் திருப்பிக் குடுக்கணும்."