கல் கரைக்கும் கஷாயம்

கரிக்கலாம்பாக்கத்துப் புது மனைப்பிரிவில் தனிஸ்லாஸ் வீட்டுப் பின்கட்டு அறை மட்டும் எப்போதும் பூட்டியே கிடந்தது. பூட்டிய அறையைப் பார்த்துக்கொண்டு ஊர் சும்மா இருக்குமா?

தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் முகாம் போட்டிருந்த காலத்தில் அங்கே கிடைத்த கறுப்பு பீர் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பிய பிறகு, கிடைத்ததைக் குடித்து மனசைத் தேற்றிக்கொண்டார். தேற்றல் கொஞ்சம் அதிகமாகி, போன வருஷம் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் இறங்கினார்.

மனைவி ஜோஸ்பின் அவரை அப்படியே ஈரத்தோடு மாதா கோவிலுக்கு இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்கினாள். "இனிமே ஒயின் ஷாப் வாசலை மிதிக்க மாட்டேன்."

ஜோஸ்பின் லேசுப்பட்ட ஆளில்லை. ஊர் மகளிர் மது ஒழிப்புச் சங்கத்துக்கே தலைவி. குடிகாரன் பெண்டாட்டி தலைவியா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள்.

தனிஸ்லாஸ் சத்தியத்தை மீறவே இல்லை. வாசலைத்தானே மிதிக்கக் கூடாது? வீட்டுக்குள்ளேயே காய்ச்சிவிட்டால் போயிற்று.

பெங்களூரில் இருந்து முளைகட்டி, கருக வறுத்த பார்லி வந்தது. காய்ந்த பூ மாதிரி, பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் வந்தது. பொட்டலத்தில் ஈஸ்ட் வந்தது. கூடவே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டார். கரும்பு ஆலையையும் காப்பிக் கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல் தெருவெல்லாம் வாசனை.

"இன்னாங்க இது?" என்றாள் ஜோஸ்பின்.

"கிட்னில கல்லுன்னு டாக்டர் சொல்லிட்டாருடி. பார்லி கஷாயம். ஃப்ரிட்ஜுல வாரக்கணக்குல ஊறணும். அப்பதான் கல்லு கரையும்."

கல்லுக்குப் பார்லி நல்லது என்று தெரியாத வீடு உண்டா? ஜோஸ்பின் நம்பிவிட்டாள். ஆனால் மதிலுக்கு மேலே நீண்டிருந்த பக்கத்து வீட்டு செலின் மேரியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. லகரமும் ளகரமும் நம் பக்கத்தில் ஒரே பாயில் படுப்பவைதானே.

"இன்னாண்ணே, வூட்டுலயே கள்ளு எறக்குறியா?"

"கல்லும்மா, கல்லு! இடுப்புல குத்துமே, அந்தக் கல்லு!"

"ஓ, அந்தக் கல்லா!" என்று செலின் மேரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நம்பினாளா என்பது மாதாவுக்கே வெளிச்சம்.

கஷாயம் அருமையாக வந்தது. கருகருவென்ற நிறம், மேலே வெள்ளை நுரை, அடிநாக்கில் ஒரு கசப்பு. தனிஸ்லாஸ் கண்ணை மூடினால் ஜெர்மனி தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோதுதான் பாட்டில்கள் குறைவது தெரிந்தது.

அறைச் சாவி சமையலறை ஆணியில் தொங்கும். கருவேப்பிலை கேட்டும் உறைமோர் கேட்டும் அந்தச் சமையலறைக்குள் வந்து போகிறவள் செலின் மேரி ஒருத்திதான். ஆனால் திருட்டு என்று வாய்விட்டு யாரிடம் சொல்வது? பீர் என்று வெளியே தெரிந்தால் லைசென்ஸ் எங்கே என்று கேட்டுக் கலால்காரர்கள் கேஸ் போடுவார்கள். ஜோஸ்பின் ஆளையே தூக்கி வெளியே போடுவாள்.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் மதிலோரம் போய் நூல்விட்டுப் பார்த்தார்.

"உடம்பெல்லாம் எப்படிம்மா இருக்குது?"

செலின் மேரி பதிலுக்கு ஒரு ஏப்பம் விட்டாள். நீளமான, நுரை கலந்த ஏப்பம்.

"உன் புண்ணியத்துல நல்லாத் தூங்குறேண்ணே" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

தனிஸ்லாஸ் மதிலை விட்டு மெல்ல நழுவினார். குடிப்பதும் இவள்தான்; நாளைக்குக் காட்டிக்கொடுக்கப்போவதும் இவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப் ஒயின் ஷாப்பை மூடச் சொல்லி ஜோஸ்பின் சங்கம் ஊர்வலம் போனது. ஊர் அப்படியொரு ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. கோஷம் பக்கத்து ஊர் ஏம்பலம் வரை கேட்டிருக்கும். முட்டிவலி என்று மாதக்கணக்கில் படுத்திருந்த சின்னபொண்ணு கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். செலின் மேரி தட்டைத் தட்டி ஆடினாள். கடைக்காரன் பயந்துபோய்த் தானே ஷட்டரை இறக்கிவிட்டான். மனு வாங்க வந்திருந்த கலால் அதிகாரி மலைத்துப்போய் நின்றார்.

மத்தியானம் அதே அதிகாரியின் ஜீப் தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்னால் ஜோஸ்பின். பின்னால் சிரித்துக்கொண்டு செலின் மேரி.

"இன்னாங்க, பின்கட்டு ரூமைத் திறங்க. சார் பாக்கணுமாம்."

தனிஸ்லாஸ் செலின் மேரியை முறைத்தார். "சொல்லிட்டியாம்மா?"

"ஆமாண்ணே, நான்தான் சொன்னேன். நல்ல விஷயத்தை ஏன் மறைக்கணும்?"

அதிகாரி மீசையைத் துடைத்துக்கொண்டார். அதில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. "ரொம்ப நாளாக் காய்ச்சுறீங்களோ?"

தனிஸ்லாஸ் சாவியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். "சத்தியமா விக்கிறது இல்ல சார். எல்லாம் என் உடம்புக்குத்தான். இந்த ஒரு தடவை மன்னிச்சு..."

"இன்னாத்துக்கு இப்படிப் பதர்றீங்க?" என்று ஜோஸ்பின் குறுக்கே புகுந்தாள்.

"சாருக்கும் கிட்னில கல்லாம், நம்ம கஷாயத்துல நாலு பாட்டில் குடுத்தனுப்புங்க, எங்க சங்கத்துப் பொம்பளைங்களுக்கெல்லாம் தினம் அதைத்தானே ஊத்திக் குடுத்துக் கோஷம் போட வைக்கிறேன்!"