வெள்ளணு எண்ணிக்கை

நிமோனியா குணமாகி வீடு திரும்பிய பூரணிக்கு இரத்தத்தில் வெள்ளணுக்கள் பதினான்காயிரத்தில் நின்றன.

"கிருமி போயிருச்சும்மா. இது இறங்க ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார் டாக்டர்.

கணவன் தயாளன் நம்பவில்லை. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

மூன்றாம் வாரம் எண்ணிக்கை எட்டாயிரத்துக்கு இறங்கிச் சரியானது. பூரணி ரிப்போர்ட்டோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் கேட்டைத் திறக்காமலே வாங்கிப் படித்தான்.

"வேற லேப்ல எடுத்துட்டு வா."

"எடுத்தாச்சு. ரெண்டுலயும் இதேதான்."

"அப்ப மூணாவதுல எடு."

உள்ளே மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். "இந்தா வந்துட்டேன் கண்ணு" என்றது நாத்தனாரின் குரல்.

பூரணி கம்பிகளுக்கிடையே கையை நுழைத்துத் தாழ்ப்பாளை இழுத்தாள். தயாளன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.